கோப்பை அலமாரி போதாது: வியன்னாவின் ஹகோவாவை வைத்து ஒரு விளையாட்டு மரபுக் கண்காட்சி அமைக்கும் வழிகாட்டி

ஒரு விளையாட்டுச் சங்கத்தின் கதையைக் கண்காட்சியாக வைக்கச் சொன்னால் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் செய்வார்கள். கண்ணாடி அலமாரி, உள்ளே உயரவாரியாகக் கோப்பைகள், பின்சுவரில் குழுப் படங்கள், ஓரத்தில் ஆண்டுப் பட்டியல். பார்க்க வருகிறவர் தெரிந்த முகம் இருக்கிறதா என்று தேடிவிட்டு இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்.

வியன்னாவின் யூத விளையாட்டுச் சங்கமான ஹகோவாவுக்கு இந்த முறை சரிப்படாது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா நாஜி ஜெர்மனியோடு சேர்க்கப்பட்டதும் சங்கத்தைக் கலைத்தார்கள், மைதானத்தைப் பறித்தார்கள், ஆட்ட முடிவுகளைச் செல்லாது என்றார்கள். உறுப்பினர்கள் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு லண்டனுக்கும் பாலஸ்தீனத்துக்கும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஓடினார்கள். ஓட முடியாதவர்களில் பலர் நாஜி முகாம்களில் கொல்லப்பட்டார்கள். ஆகவே இங்கே காட்சிப்பொருள் என்று மிஞ்சுவது, ஊரை விட்டுப் போகிறவன் பெட்டியில் இடம் பிடித்த பொருள்கள்தான்.

அதனால்தான் பாடம் கற்க இதை எடுத்துக்கொண்டேன். விளையாட்டுக் கண்காட்சியில் வரக்கூடிய சிக்கல் எல்லாம் இதில் இருக்கிறது. தொலைந்த பொருள், ஊதிப் பெருக்கிய வெற்றிக்கதை, சமூகத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு, கடைசியில் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் ஒரு பேரழிவு. வியன்னா யூத அருங்காட்சியகம் 1995இல் இந்தச் சங்கத்துக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. 2013இல் லண்டனில் கால்பந்தை வைத்தும், 2014இல் ஃபிலடெல்பியாவில் பேஸ்பாலை வைத்தும் யூதர்களின் விளையாட்டு வாழ்க்கை காட்சிக்கு வந்தது. 2023இல் வியன்னாவிலேயே கால்பந்து மைதானத்தில் யூத அடையாளம் எப்படிப் புழங்குகிறது என்று இன்னொன்று. அவற்றின் நகலைக் கீழே எதிர்பார்க்காதீர்கள். நீங்களே ஒன்று அமைப்பதானால் எந்த வரிசையில் போகலாம் என்பதுதான் இது.

எல்லாப் படிக்கும் பொதுவாக ஒரு விதி: இவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதற்கு முன்னால் எப்படி விளையாடினார்கள் என்று காட்டுங்கள்.

படி 1: பொருளைத் தேடும் முன் கதையைப் படியுங்கள்

ஹகோவா பிறந்தது 1909இல். எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்கு வலிமை என்று பொருள். அந்தக் காலத்து ஆஸ்திரியாவில் பல உடற்பயிற்சிச் சங்கங்களும் விளையாட்டுச் சங்கங்களும் தங்கள் விதிப்புத்தகத்திலேயே 'ஆரியர் பிரிவு' ஒன்றை வைத்திருந்தன. யூதருக்கு அங்கே உறுப்பினர் அட்டை கிடையாது. இன்னொரு பக்கம், 1898இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் நடந்த, யூதர்களுக்குத் தனித் தாயகம் கேட்ட சியோனிச இயக்கத்தின் இரண்டாவது மாநாட்டில் மாக்ஸ் நோர்டாவ் என்ற மருத்துவர், யூதர்கள் புத்தகத்தை மட்டும் பிடித்துக்கொண்டிராமல் உடம்பையும் வளர்க்க வேண்டும், 'தசை யூதம்' வேண்டும் என்று பேசியிருந்தார். வாசல் மூடியதும் இந்த அழைப்பும் சேர்ந்து பிறந்த சங்கம் இது. தொடங்கியவர்களில் ஒருவர் இக்னாஸ் கோர்னர், பல் மருத்துவர். இன்னொருவர் ஃபிரிட்ஸ் லோனர்-பேடா, பிற்காலத்தில் இசையமைப்பாளர் லெஹாரின் இசைநாடகங்களுக்குப் பாட்டெழுதிப் பேர் வாங்கியவர். பல் பிடுங்குகிறவரும் பாட்டுக் கட்டுகிறவரும் சேர்ந்து தொடங்கிய சங்கம் என்பதையே முதல் பலகையில் எழுதலாம். வாசகர் நின்று படிப்பார்.

கால்பந்து மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். நீச்சல், நீர்ப்பந்து, மல்யுத்தம், வாள்வீச்சு, ஹாக்கி, தடகளம் எல்லாம் உண்டு. மல்யுத்த வீரர் நிகோலாஸ் ஹிர்ஷல் 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவுக்காக இரண்டு வெண்கலம் வாங்கினார். இந்தப் பயில்வான்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நீச்சல் பெண்களோ கால்பந்து அணியோ போட்டிக்குப் போகும்போது வம்புக்கு வருகிற கூட்டத்தைத் தடுக்க இவர்கள் கூடவே போவார்கள். ஒரு சங்கத்தின் ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்குக் காவல் போக வேண்டியிருந்தது என்ற ஒரு தகவல், யூத வெறுப்பைப் பற்றிப் பத்துப் பலகை எழுதுவதை மிச்சப்படுத்தும்.

படி 2: கண்காட்சிக்கு எல்லை போடுங்கள்

'வியன்னா யூதர்களின் விளையாட்டு' என்று தலைப்பு வைத்தால் ஹகோவா மட்டும் போதாது. 1894இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் வியன்னா கால்பந்துக் கழகத்துக்கும் ரோத்ஷில்டு என்ற யூத வங்கிக் குடும்பத்துக்கும் தொடர்பு உண்டு. அந்த வீட்டுத் தோட்டக்காரர்கள் ஆடிய ஆட்டத்திலிருந்து வளர்ந்த கழகம் அது. சீருடையின் நீலமும் மஞ்சளும் ரோத்ஷில்டு நிறங்கள்தான். 'ஆஸ்திரியா வியன்' என்ற இன்னொரு வியன்னாக் கால்பந்துக் கழகத்தின் தலைவர் மிஷல் ஷ்வார்ட்ஸ் யூதர், 1938இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஐரோப்பாவே வியந்த ஆஸ்திரியத் தேசியக் கால்பந்து அணியை உருவாக்கிய ஹியூகோ மைஸலும் யூதர். இவர்கள் ஹகோவாவின் வழியில் வராதவர்கள். எல்லோரோடும் கலந்து வாழ வேண்டும் என்று நினைத்த யூதர்களுக்கு, மார்பில் யூதச் சின்னமான தாவீதின் நட்சத்திரத்தைத் தைத்துக்கொண்டு தனிச் சங்கம் நடத்துவது அவ்வளவு பிடிக்கவில்லை.

இந்த உள்சண்டையை மறைக்காதீர்கள். ஒரு சமூகத்தைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு, அந்தச் சமூகத்துக்கு ஒரே வாய், ஒரே கருத்து என்று காட்டுவது. நம் ஊர்ச் சங்கங்களில் தேர்தல் நேரத்தில் நாற்காலி பறப்பது நமக்குத் தெரியாதா என்ன?

எல்லை போடும்போதே இன்னொன்றும் செய்யுங்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே உட்கார வையுங்கள். திறப்பு விழாவுக்கு மாலை போட மட்டும் கூப்பிடாதீர்கள். ஹகோவா இன்னும் உயிரோடு இருக்கிற சங்கம். 1945இல் மறுபடி தொடங்கினார்கள். கால்பந்துப் பிரிவு சில ஆண்டுகளில் நின்றுபோனது, மற்றவை தொடர்ந்தன. வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் பறிபோன பழைய மைதானத்தை ஒட்டிய பகுதியில் இடம் திரும்பக் கிடைத்து, 2008 மார்ச்சில், பறித்துச் சரியாக 70 ஆண்டு கழித்து, புது விளையாட்டு மையம் திறந்தார்கள். ஆகவே பலகைகளில் 'ஒரு காலத்தில் இருந்த சங்கம்' என்று எழுதினால் அங்கே இன்று நீந்திப் பழகுகிற பிள்ளை உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

படி 3: வீடுகளில் தேடுங்கள்

பொருள் தேடும்போது குடும்பத்தாரிடம் "உங்கள் தாத்தாவின் பதக்கம் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "ஊரை விட்டு வரும்போது என்ன எடுத்து வந்தார்கள்?" என்று கேளுங்கள். அப்போதுதான் பரண் திறக்கும். உறுப்பினர் அட்டை, சட்டையில் குத்தும் சின்னம், ஆல்பத்திலிருந்து கிழித்தெடுத்த ஒரு பக்கம், கப்பலிலிருந்து எழுதிய கடிதம். விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் பொருளையும் தள்ளாதீர்கள். ஓடுகிறவன் பெட்டியில் இடம் குறைவு. அந்த இடத்தில் ஒரு நீச்சல் சின்னம் ஏறியிருக்கிறது என்றால் அது பதக்கத்தைவிட அதிகம் பேசும்.

பொருள் கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியவை: நான்கு பக்கமும் படம் எடுங்கள். கறை, கிழிசல், துரு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கொடுத்தவர் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் போடுங்கள். ஒரு எண் கொடுங்கள். இரவலா, அன்பளிப்பா, எத்தனை மாதம், தொலைந்தால் யார் பொறுப்பு, படத்தை அச்சிடலாமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். "நம்மாள்தானே" என்று விட்ட இடத்தில்தான் பின்னால் மனத்தாங்கல் வருகிறது.

வியன்னாப் பொருள் என்றால் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: 1938க்கும் 1945க்கும் இடையில் இது யார் வீட்டில் இருந்தது? குடும்பத்தின் கையிலேயே இருந்தால் சரி. ஏலத்திலோ பழம்பொருள் கடையிலோ வந்தால், அது கொள்ளையடிக்கப்பட்டதாக இருக்கலாம். அரசுச் சேகரிப்புகளில் உள்ள பறிக்கப்பட்ட கலைப்பொருள்களைத் திருப்பித் தர ஆஸ்திரியா 1998இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. பதில் தெரியாத பொருளை ஆசைப்பட்டுக் காட்சிக்கு வைக்காதீர்கள். வைத்தே தீர வேண்டுமென்றால், 'இடைப்பட்ட ஆண்டுகளில் யாரிடம் இருந்தது என்று தெரியவில்லை' என்று பலகையிலேயே எழுதிவிடுங்கள்.

பொருள் கிடைக்காத இடத்தைச் செய்தித்தாள் நிரப்பும். ஆஸ்திரிய தேசிய நூலகம் 'அன்னோ' என்ற இணையதளத்தில் பழைய நாளிதழ்களை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. பல இதழ்கள் பழைய ஜெர்மன் அச்செழுத்தில் இருக்கும். கண் பழக ஒரு வாரம் ஆகும், அதற்குப் பின் விட மனம் வராது.

படி 4: புகழ்பெற்ற கதைகளையே முதலில் சந்தேகியுங்கள்

ஹகோவாவைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டு கதைகளை விடமாட்டார்கள். முதலாவது 1923 செப்டம்பரில் லண்டனில் வெஸ்ட் ஹாம் யுனைடெட்டை 5-0 என்று அடித்தது. அந்த ஆண்டு இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போன அணி வெஸ்ட் ஹாம். ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்த ஒரு கழகம் இங்கிலாந்து மண்ணிலேயே இங்கிலாந்து அணியை வீழ்த்தியது என்று இதைக் கொண்டாடுவார்கள். ஆனால் வெஸ்ட் ஹாம் அன்று இறக்கிய பதினொருவரில் இரண்டாம் நிலை ஆட்டக்காரர்கள் பலர். இதைச் சொல்லலாமா, விட்டுவிடலாமா?

சொல்லுங்கள். சொன்னால் வெற்றி சிறுத்துப் போகாது, 5-0 என்ற கணக்கை யாரும் அழிக்கப் போவதில்லை. விட்டுவிட்டால், கால்பந்து வரலாறு தெரிந்த ஒருவர் வந்து பலகையைப் பார்த்த நொடியே உங்கள் மற்ற பலகைகளையும் நம்பாமல் போவார்.

இரண்டாவது கதை 1926 மே 1. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஹகோவா ஆடியபோது 46,000 பேர் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு அவ்வளவு கூட்டம் மறுபடி கூட ஐம்பது ஆண்டு ஆனது. எண்ணிக்கையை எல்லோரும் எழுதுவார்கள். ஆட்டத்தில் ஹகோவா 0-3 என்று தோற்றது என்பதை மட்டும் நைசாக விழுங்கிவிடுவார்கள். எனக்கென்னவோ தோல்வியைச் சேர்த்தால்தான் அந்தக் கூட்டத்துக்கு அர்த்தம் வருகிறது. அந்தப் பயணத்துக்குப் பிறகு ஆட்டக்காரர்களில் பலர் அமெரிக்கக் கழகங்களுக்குப் போய்விட்டார்கள். சம்பளம் அதிகம், வெறுப்பு குறைவு. அணி கலகலத்துப் போனது. அப்படி அமெரிக்கா போனவர்களில் ஒருவர் பேலா குட்மன், பின்னாளில் போர்ச்சுகலின் பென்ஃபிகா கழகத்தின் பயிற்சியாளராக 1961, 1962 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பையை வென்றவர். இடையில் போர்க்காலத்தில் ஹங்கேரியில் ஒளிந்தும் கட்டாய உழைப்பு முகாமில் கிடந்தும் தப்பியவர்.

ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனியாக இரண்டு இடத்தில் சான்று வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய பத்துக் கட்டுரை இருந்தாலும் அது ஒரு சான்றுதான்.

படி 5: அறைகளின் வரிசை

இங்கேதான் பெரும்பாலான கண்காட்சிகள் சறுக்குகின்றன. பார்வையாளர் முடிவு தெரிந்துதான் உள்ளே வருகிறார். வியன்னா, யூதர், 1920கள் என்று மூன்று சொல் படித்ததுமே அவர் மனது முகாமுக்குப் போய்விடுகிறது. அந்தக் கண்ணோடு பார்த்தால் சிரிக்கிற ஒவ்வொரு முகமும் 'ஐயோ பாவம்' ஆகிவிடும். அந்த முகங்களுக்கு அன்று அது தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்னவாகும் என்பதுதான் அவர்கள் கவலை.

ஆகவே முதல் இரண்டு அறைகளில் விளையாட்டை மட்டும் வையுங்கள். தண்ணீர், மண், வியர்வை, சண்டை, பந்தயம். இருட்டுச் சுவரும் சோக இசையும் வேண்டாம். வெளிச்சமான நிறம் அடியுங்கள். டானூப் கால்வாயில் நகரத்தின் குறுக்காக நீந்தும் போட்டிக்குக் கரையின் இருபக்கமும் கூட்டம் நெரியும். அதில் நீந்திய ஹகோவா வீராங்கனை ஹெடி பீனன்ஃபெல்ட் ஊரே அறிந்த முகம். அந்தக் கூட்டத்தை ஒரு முழுச் சுவருக்குப் படமாக்கினால் குழந்தைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

வடிவமைப்பாளர்களுக்கு ஒரு ஆசை வரும். ஹகோவா சட்டையில் இருந்த நட்சத்திரத்தையும், 1941 செப்டம்பரிலிருந்து நாஜிகள் கட்டாயமாகக் குத்திக்கொள்ள வைத்த மஞ்சள் நட்சத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எப்படி இருக்கும்! பார்க்க அட்டகாசமாக இருக்கும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஒன்று தானே விரும்பி, பெருமையாக, எதிரணி ரசிகன் கத்துவான் என்று தெரிந்தே தைத்துக்கொண்டது. இன்னொன்று அவமானப்படுத்தத் திணித்தது. பக்கத்தில் வைத்த மறுகணம் முதலாவது இரண்டாவதின் முன்னோட்டம் போல ஆகிவிடுகிறது, சட்டை போட்டவரின் துணிச்சல் காணாமல் போகிறது. இரண்டுக்கும் இடையில் குறைந்தது ஓர் அறையாவது இருக்கட்டும்.

நான் செய்வதானால் இப்படிச் செய்வேன். ஹகோவா கால்பந்து அணித் தலைவர் மாக்ஸ் ஷாயர் ஆஸ்திரிய தேசிய அணிக்கும் ஆடியவர். முதல் அறையில் அவர் படம், கீழே ஆடிய இடமும் வென்ற பட்டமும் மட்டும். கடைசி அறைக்கு முன்னால் ஒரு குறுகிய நடைவழி. அங்கே அதே படம், அதே அளவு. கீழே: 'பிரான்சில் பிடிபட்டார். ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.' புதுப் படம் தேட வேண்டாம். முதல் அறையில் பார்த்த முகத்தை மறுபடி பார்க்கும்போது அவர் பார்வையாளருக்குத் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். லோனர்-பேடாவையும் அதே நடைவழியில் வைக்கலாம். 1938 ஏப்ரலில் வியன்னாவிலிருந்து டாஹவ் முகாமுக்குப் போன முதல் வண்டியிலேயே அவரை ஏற்றினார்கள். பிறகு புஹன்வால்ட் முகாமில் கைதிகளுக்காகப் பாட்டெழுதினார். 1942 டிசம்பரில் ஆஷ்விட்ஸைச் சேர்ந்த மோனோவிட்ஸில் உயிர் போனது.

படி 6: அழிக்கப்பட்டதைக் காட்டுவது

நடைவழிக்கு முன் வரும் அறை 1936க்கு. ஹகோவா நீச்சல் வீராங்கனை யூடித் டாய்ச் 1935இல் ஆஸ்திரியாவின் தலைசிறந்த விளையாட்டு வீரர்களில் ஒருவராகத் தேர்வாகித் தங்கச் சின்னம் வாங்கியவர். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் அணிக்கு அவரையும், ரூத் லாங்கர், லூசி கோல்ட்னர் ஆகிய ஹகோவா நீச்சல் பெண்களையும் தேர்ந்தெடுத்தார்கள். மூவரும் மறுத்தார்கள். லாங்கருக்கு அப்போது 15 வயது. 'யூதர்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை தொங்குகிற நாட்டில் போய் நீந்த மாட்டோம் என்பதுதான் காரணம். ஆஸ்திரிய நீச்சல் சம்மேளனம் அவர்களுக்குத் தடை விதித்தது, பட்டங்களையும் சாதனைகளையும் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 1995இல்தான் அவை திரும்பக் கிடைத்தன. டாய்ச் அதற்காக வியன்னாவுக்குப் போகவில்லை. வேண்டுமானால் நீங்கள் வாருங்கள் என்று இருந்துவிட்டார். ஆஸ்திரியர்கள்தான் இஸ்ரேலுக்கு வந்தார்கள்.

அழித்துவிட்ட ஒன்றை எப்படிக் காட்சிக்கு வைப்பது? சாதனைப் பட்டியலைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அந்த மூன்று பெயர் வரவேண்டிய இடங்களைக் காலியாக விடுங்கள், விளக்கம் எழுதாதீர்கள். எதிர்ச்சுவரில் அதே பட்டியல், பெயர்களோடு, 1995 என்று தேதி போட்டு. பார்வையாளர் இரண்டையும் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தானே கண்டுபிடிக்கட்டும். கழுத்தை ஒருமுறை திருப்ப வைத்துவிட்டால் அந்த அறை வெற்றி.

இதே அறையில் ராபர்ட் ஃபைனுக்கும் இடம் கொடுங்கள். யூதரான ஆஸ்திரியப் பளுதூக்கும் வீரர். அவர் பெர்லின் போனார், தங்கம் வென்றார். போகாதது வீரம், போனது துரோகம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? இரண்டு பேரையும் ஒரே வெளிச்சத்தில் வையுங்கள், போதும்.

படி 7: பொருளைச் சாகடிக்காமல் காட்சிக்கு வைப்பது

இது அலுப்பான பகுதி, ஆனால் தவிர்க்க முடியாதது. ஒருமுறை நாங்கள் வைத்த சின்னக் கண்காட்சியில், அலங்காரத்துக்காகத் துணிக்கடை விளக்கை ஒரு பழைய கொடியின் நேர் மேலே போட்டுவிட்டோம். மூன்று மாதம் கழித்து மடிப்பைப் பிரித்தால் உள்ளே ஒரு நீலம், வெளியே ஒரு நீலம். வெளுத்த சாயம் திரும்பி வராது.

துணிக்கும் தாளுக்கும் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம். லக்ஸ் மீட்டர் விலை குறைவுதான், ஒன்று வாங்கிவிடுங்கள். மூலப் படங்களையும் கடிதங்களையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டு நகலை வையுங்கள், 'நகல்' என்று எழுதியும் விடுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி ஏறாமல் இறங்காமல் இருந்தால் நல்லது. திடீர் ஏற்ற இறக்கம்தான் தோல் பொருள்களை வெடிக்க வைக்கிறது.

1920களின் நீச்சலுடை கம்பளி நூலில் பின்னியது. ஹேங்கரில் மாட்டினால் தன் எடையிலேயே தொங்கி இழுபட்டுவிடும். உள்ளே அமிலமில்லாத மெல்லிய தாளைக் கசக்கித் திணித்து, உடம்பின் வடிவம் கொடுத்துப் படுக்க வையுங்கள். அந்துப்பூச்சி வந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்துவிட்டு, வெளியே எடுத்த பின் ஒருநாள் பையைத் திறக்காமல் விடுங்கள்.

அந்தக் காலத்துப் பந்து தோல் துண்டுகளைத் தைத்து, வாயைக் கயிறு கோத்துக் கட்டியது. உள்ளே இருக்கும் ரப்பர்ப் பை கல்லாகியிருக்கும். காற்றடித்துப் பார்க்கும் ஆசை யாருக்காவது வரும், பம்பை ஒளித்து வையுங்கள். உருண்டு விழாமல் அடியில் ஒரு மெத்தை வளையம் போதும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கம்பளியிலிருந்தும் ரப்பரிலிருந்தும் கந்தக வாயு கசியும், வெள்ளி கறுத்துப்போகும். நீச்சலுடை, ரப்பர்த் தொப்பி, வெள்ளிப் பதக்கம் மூன்றும் ஒரே பெட்டியில் இருந்தால் படத்துக்கு அழகு, பதக்கத்துக்கு ஆபத்து. தனிப் பெட்டி செய்யுங்கள். பெட்டியைப் புது பிளைவுட்டில் அடித்தால் அதன் பசை வாடை போகும்வரை சில வாரம் திறந்து போடுங்கள். பதக்கத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பாலிஷ் போடவே போடாதீர்கள். தேய்ந்த பளபளப்பு அந்தப் பதக்கத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே திரிந்தவரின் கைவேலையாக இருக்கலாம்.

படி 8: பலகை எழுதுவது

ஒரு பொருளுக்கு அறுபது சொல்லுக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை. தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் பலகையின் நடுப்பகுதி வரட்டும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்காகச் சாய்வுப் பலகை தாழ்வாகவும் இருக்கட்டும்.

எப்படி எழுதக்கூடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1924இல் ஆஸ்திரியா, ஐரோப்பியக் கண்டத்திலேயே முதலாவதாகத் தொழில்முறைக் கால்பந்து லீக்கைத் தொடங்கியது. அதன் முதல் பட்டம் ஹகோவாவுக்கு. இதை ஒரு குழு எழுதினால் இப்படி வரும்:

'1924-25 பருவத்தில் ஹகோவா ஆஸ்திரிய சாம்பியன் பட்டத்தை வென்று, யூத சமூகத்தின் அசைக்க முடியாத மன உறுதியை உலகுக்குப் பறைசாற்றியது.'

இதில் பார்க்க என்ன இருக்கிறது? மாற்றி எழுதுங்கள்:

'கோல்கீப்பர் ஃபேபியனின் கை ஆட்டத்தின் நடுவில் முறிந்தது. மாற்று ஆளை இறக்க அன்று விதி இடம் தரவில்லை. கையைக் கழுத்தோடு துணியால் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். சில நிமிடத்தில் அவர் அடித்த கோலில் ஹகோவா வென்றது. பட்டமும் அதோடு உறுதியானது.'

மன உறுதி என்ற சொல்லே இதில் இல்லை. எழுதி முடித்ததும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள்.

படி 9: திறந்த பிறகு

கண்காட்சி திறந்ததும் வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள். கடைசி அறையில் ஒரு மேசை போடுங்கள். அதில் ஹகோவா உறுப்பினர்களின் குழுப் படங்களின் நகல், ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண், பக்கத்தில் கோடு போட்ட நோட்டு. பெயர் தெரியாத முகங்களுக்கு எதிரே இடத்தைக் காலியாக விடுங்கள். சங்கத்தாரின் பேரப்பிள்ளைகள் நான்கு கண்டங்களில் இருக்கிறார்கள், யாராவது ஒருவர் வந்து 'பதினேழாம் நம்பர் என் பாட்டி' என்பார். சொன்னவர் பெயரையும் தேதியையும் எதை வைத்து அடையாளம் கண்டார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த வாரம் இன்னொருவர் வந்து அதே பதினேழைத் தன் பாட்டி என்று சொல்லக்கூடும். அடித்துவிட்டு எழுதாமல், இரண்டையும் நோட்டில் வைத்திருங்கள்.

மூலப் படத்தின் பின்புறத்தில் பெயர் எழுத நேர்ந்தால் பேனா வேண்டாம். படத்தைக் குப்புறக் கண்ணாடித் தட்டில் வைத்து, மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள்.